நர்சிங் முடித்தாச்சு, முதல் வேலை எங்கே? வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

நான் குடியாத்தம் பக்கத்துக்காரி. பி.எஸ்சி. நர்சிங் ரிசல்ட் வந்தது அக்டோபரில். ஒழுங்கான ஒரு வேலையில் சேர்ந்தது அடுத்த வருடம் மே மாதம். நடுவில் ஏழு மாதம். "வேலூர்ல ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? நர்ஸ் படிச்சா மறுநாளே கூப்பிடுவாங்க" என்று சொன்ன சொந்தக்காரர்கள் எல்லாம் அந்த ஏழு மாதமும் "இன்னுமா வீட்ல இருக்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் சி.எம்.சி. இருக்கிற ஊர் என்பதாலேயே நர்சிங் கல்லூரிகளும் இங்கே அதிகம், ஒவ்வொரு வருடமும் வெளியே வருகிற கூட்டமும் அதிகம். எனக்குத் தாமதமானதற்குக் காரணம் அந்தப் போட்டி மட்டும் என்று சொன்னால் பொய். செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன், வரிசை மாற்றிச் செய்தேன். சரியான வரிசையை இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் உங்கள் பெயரைப் படித்துப் பாருங்கள்

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், பல்கலைக்கழகச் சான்றிதழ். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆங்கிலத்தில் உங்கள் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள்.

என் பெயரில் ஒரு 'ழ்' வரும். பள்ளிச் சான்றிதழில் அதை 'இசட் எச்' போட்டு எழுதியிருக்கிறார்கள். ஆதாரில் வெறும் 'எல்'. பள்ளியில் இனிஷியல் ஒரே எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான். கல்லூரியில் நாலு வருடம் யாருக்கும் இது உறுத்தவில்லை. ஆன்லைன் விண்ணப்பத்தில் ஆதாரைச் சரிபார்க்கும் இடத்தில்தான் இடித்தது.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதையே மூலமாக வைத்துக்கொண்டு ஆதாரை மாற்றுங்கள், அதுதான் சுலபம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. அதனால் அவசரத்தில் பக்கத்துக் கடையில் கொடுத்து இன்னொரு தப்பை வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஆபரேட்டர் திரையில் தட்டியதை நீங்களே ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

பெயர் விஷயத்துக்கு மட்டும் எனக்கு மூன்று வாரம் போனது. பரீட்சை முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே இதைச் செய்திருக்கலாம்.

2. கவுன்சில் பதிவு: இது இல்லாமல் எதுவும் நகராது

தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்து ஆர்.என்.ஆர்.எம். எண் (பதிவு பெற்ற நர்ஸ், மருத்துவச்சி என்பதற்கான எண்) வாங்கும் வரை நீங்கள் சட்டப்படி நர்ஸ் இல்லை, நர்சிங் படித்தவர். இந்த வித்தியாசம் எனக்குப் புரிய நாளானது. சின்ன நர்சிங் ஹோம்களில் "ரெஜிஸ்ட்ரேஷன் அப்புறம் பாத்துக்கலாம், நாளைக்கே டூட்டிக்கு வா" என்பார்கள். போகாதீர்கள். பதிவுத் தேதிக்கு முன்னால் பார்த்த வேலையைப் பெரும்பாலான இடங்களில் அனுபவமாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஏதாவது தவறு நடந்தால் மாட்டப்போவதும் நீங்கள்தான்.

நான் செய்த பெரிய தப்பு, பட்டமளிப்பு விழா முடிந்து டிகிரி சான்றிதழ் கைக்கு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தது. தேவையே இல்லை. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் புரொவிஷனல் சான்றிதழே போதும். அதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக்கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. புரொவிஷனலோடு கோர்ஸ் கம்ப்ளீஷன், டிரான்ஸ்கிரிப்ட், நாலு வருட மார்க் ஷீட், நன்னடத்தைச் சான்றிதழ், டி.சி. எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டு வாங்கிவிடுங்கள். பீஸ் பாக்கி இருந்தால் அன்றைக்குத்தான் சொல்வார்கள், அதனால் முன்கூட்டியே கணக்கைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். கட்டணம் என்ன, கோப்பு எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதைக் கவுன்சில் தளத்திலேயே அன்றைய நிலவரப்படி பாருங்கள், சீனியர் சொன்ன தொகையை நம்ப வேண்டாம். சான்றிதழ்களை மொபைலில் படம் எடுத்து ஏற்றாதீர்கள். ஓரம் வெட்டுப்பட்டுத் திருப்பி அனுப்பினால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போவீர்கள். கடையில் ஸ்கேன் செய்யுங்கள்.

நேரில் போக வேண்டியிருந்தால் அலுவலகம் சென்னையில் சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. காட்பாடியில் காலை ரயில் பிடித்தால் பத்து, பத்தரைக்குள் போய்விடலாம். சென்ட்ரலிலிருந்து பறக்கும் ரயிலில் கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கினால் செலவு குறைவு. ஒரிஜினலும் இரண்டு செட் ஜெராக்ஸும் கையில் இருக்கட்டும். நான் ஒரு செட்தான் கொண்டு போனேன், அங்கே ஜெராக்ஸ் கடை தேடி அலைந்ததில் உணவு இடைவேளை வந்துவிட்டது.

பதிவு எண் வந்ததும் இந்திய நர்சிங் கவுன்சிலின் தேசியப் பதிவேட்டில் என்.யு.ஐ.டி. என்கிற தேசிய அடையாள எண்ணும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகள் கேட்கின்றன.

*பெங்களூர், சித்தூர், திருப்பதியில் படித்தவர்களுக்கு:* நம் பக்கத்தில் இப்படி நிறையப் பேர் இருக்கிறீர்கள். நீங்கள் முதலில் படித்த மாநிலத்தின் கவுன்சிலில் பதிவு செய்து, அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, பிறகுதான் தமிழ்நாட்டுக்கு மாற்ற முடியும். இரண்டு கட்டணம், இரண்டு காத்திருப்பு. என்னோடு வேலை பார்த்த ஒருத்திக்கு இது மட்டுமே ஐந்து மாதம் இழுத்தது. தமிழ்நாடு அரசு வேலைக்கு நம் மாநில கவுன்சில் பதிவைத்தான் கேட்பார்கள் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

3. ஊசி அட்டையைத் தேடுங்கள்

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ்: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இதுவரை போடாதவர் இன்று ஆரம்பித்தாலும் முடிக்க ஆறு மாதம் ஆகும். பெரும்பாலான கல்லூரிகளில் முதல் வருடமே போட்டுவிடுவார்கள், ஆனால் அட்டையை யார் பத்திரமாக வைத்திருக்கிறோம்? என் அட்டை கல்லூரி ஹாஸ்டல் அலமாரியோடு போய்விட்டது.

அட்டை இல்லையென்றால் ரத்தத்தில் ஆன்டி எச்.பி.எஸ். டைட்டர், அதாவது ஹெபடைடிஸ் பி எதிர்ப்புச் சக்தியின் அளவு, பாருங்கள். பத்து அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது என்று அர்த்தம், வேலையில் சேரும்போது அந்த ரிப்போர்ட்டைக் காட்டலாம். எனக்கு நல்லவேளை இருந்தது.

4. எங்கெங்கே கேட்பது

மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது வீண். நான் நாற்பதுக்கும் மேல் அனுப்பினேன், இரண்டுக்குத்தான் பதில் வந்தது. நேரில் போங்கள். காலை ஒன்பதுக்கு முன்னால் வேண்டாம், அது டூட்டி மாறி ரவுண்ட்ஸ் நடக்கும் நேரம். பதினொன்றரையிலிருந்து ஒரு மணிக்குள் போய், ரிசப்ஷனில் "எச்.ஆரைப் பார்க்கணும்" என்று கேட்பதைவிட "நர்சிங் சூப்பிரண்டெண்ட் மேடத்தைப் பார்க்கணும்" என்று கேளுங்கள். எந்த வார்டில் ஆள் குறைகிறது, யார் அடுத்த வாரம் ரிசைன் செய்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். எனக்குக் கடைசியில் வேலை கிடைத்ததும் அப்படித்தான்.

சி.எம்.சி.யைப் பொறுத்தவரை, அவர்கள் சொந்தத் தளத்தில் வரும் அறிவிப்பும் அதில் போட்டிருக்கும் கடைசித் தேதியும்தான் கணக்கு. ராணிப்பேட்டை கன்னிகாபுரம் வளாகத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "உள்ளே ஆள் இருக்கு, கொஞ்சம் செலவாகும்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். அது எந்த ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லிக் கேட்டாலும் சரி. திருமலைக்கோடி, ராணிப்பேட்டை, கரிகிரி என்று ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கெல்லாம் போட்டி கொஞ்சம் குறைவு, தங்குமிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

படுக்கை எண்ணிக்கையைக் கேட்க வெட்கப்படாதீர்கள். முக்கியமாக ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) படித்தவர்கள். எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளின் நர்ஸ் வேலைக்கு எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வுக்கு பி.எஸ்சி. காரர்களுக்கு அனுபவம் தேவையில்லை, ஜி.என்.எம். என்றால் குறைந்தது 50 படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். 25 படுக்கை நர்சிங் ஹோமில் மூன்று வருடம் உழைத்துவிட்டு விண்ணப்பிக்க முடியாமல் நின்றவரை எனக்குத் தெரியும்.

தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: "மேல் ஸ்டாஃப் (ஆண் நர்ஸ்) வேண்டாம்" என்று வாசலிலேயே சொல்லுவார்கள். கேஷுவாலிட்டி, டயாலிசிஸ், தியேட்டர், ஐ.சி.யு. என்று இடத்தைச் சொல்லிக் கேளுங்கள். பதில் மாறும்.

5. இன்டர்வியூவில் கேட்பது பாடப்புத்தகம் இல்லை

எனக்கு வேலை கொடுத்த ஆஸ்பத்திரியில் நர்சிங் சூப்பிரண்டெண்ட் என் பயோடேட்டாவைத் திறக்கவே இல்லை. மேஜை டிராயரிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடி ஆம்பூலை எடுத்து என் முன்னால் வைத்தார். பொட்டாசியம் குளோரைடு, 10 மில்லி. "டாக்டர் இதைக் கொடுக்கச் சொல்லிட்டார். என்ன பண்ணுவே?"

அதற்கு முன்னால் போன ஓர் இடத்தில் இதே கேள்விக்கு "ஐ.வி. ஸ்லோவா போடுவேன் மேடம்" என்று சொல்லி, அதோடு முடிந்தது. இந்த முறை தயாராக இருந்தேன். நேராக ஊசியில் ஏற்றிப் போடவே கூடாது, ஆளே போய்விடும். அந்த ஆம்பூலில் 20 மில்லி ஈக்விவலன்ட் இருக்கிறது. சலைனில் கலந்து, பாட்டிலை நன்றாகத் திருப்பிக் கலக்கி, லேபிள் ஒட்டி, வார்டில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட்டுக்கு மேல் போகாமல் மெதுவாக ஏற்ற வேண்டும். அதற்கு முன் சிறுநீர் போகிறதா, கடைசிப் பொட்டாசியம் அளவு என்ன என்று பார்க்க வேண்டும். சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "ஆர்டர் வாய்ல சொன்னாரா, எழுதினாரா?" எழுதிக் கொடுக்கச் சொல்வேன் என்றேன். ஆம்பூலை உள்ளே வைத்துவிட்டு, "திங்கட்கிழமை வா" என்றார்.

இதோடு, சொட்டுக் கணக்கு கட்டாயம் வரும். 500 மில்லி, நாலு மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு செட் என்றால் 500 × 20 ÷ 240, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. இதைக் கால்குலேட்டர் இல்லாமல் போட்டுப் பழகுங்கள். ஊசி குத்திக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. சோப்புத் தண்ணீரில் கழுவுவது, அழுத்திப் பிதுக்காமல் இருப்பது, உடனே ரிப்போர்ட் செய்வது, எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது, முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள். இவ்வளவு சொன்னால் போதும்.

பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) சான்றிதழுக்கு முன்கூட்டியே பணம் கட்டாதீர்கள். நான் கட்டினேன், 3,500 ரூபாய். இரண்டு வருடம்தான் செல்லும். சேர்ந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர்களே இலவசமாக நடத்தினார்கள்.

6. கையெழுத்துப் போடும் நாள்

நான் மாட்டியது இங்கேதான். நாற்பது படுக்கை இருக்கும் ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், டிசம்பரில் சேர்ந்தேன். சம்பளம் 11,000. "வெரிஃபிகேஷனுக்கு ஒரிஜினல் வச்சிட்டுப் போம்மா" என்றார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் புரொவிஷனலையும் கொடுத்தேன். ரசீது வாங்கவில்லை. இருபது ரூபாய் பத்திரத்தில் இரண்டு வருட பாண்ட், நடுவில் போனால் 50,000 கட்ட வேண்டும் என்று இருந்தது. கையெழுத்தும் போட்டேன்.

மூன்றே வாரம். ஒரு நைட்டில் இருபத்திரண்டு நோயாளிக்கு நான் ஒருத்தி. விலகுகிறேன் என்றபோதுதான் சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன என்பதே உறைத்தது. அந்த நேரம் பார்த்து மாவட்ட நலவாழ்வு சங்கத்தில் ஒப்பந்த நர்ஸ் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தது. ஒரிஜினல் இல்லாமல் போக முடியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் நோட்டீஸ் அனுப்பிய பிறகு சான்றிதழ்கள் திரும்பி வந்தன, பணமும் கேட்கவில்லை. ஆனால் அதற்குள் இரண்டு மாதம் போயிருந்தது, அந்த வேலையும் போயிருந்தது.

படிப்புச் சான்றிதழை அடமானப் பொருள் மாதிரி பிடித்து வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. நர்சுகளைப் பாண்டில் கட்டி வைக்கக் கூடாது என்று இந்திய நர்சிங் கவுன்சிலும் சொல்லிவிட்டது. அப்படியும் கேட்பார்கள். "ஒரிஜினலை இப்பவே பாத்துக்குங்க, ஜெராக்ஸ்ல கையெழுத்துப் போட்டுத் தரேன். அரசு வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கேன், எப்ப வேணா கேப்பாங்க" என்று சொல்லுங்கள். இது பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை. அதற்கும் மசியவில்லை என்றால் அந்த இடம் வேண்டாம்.

சம்பளம். தனியார் ஆஸ்பத்திரி நர்சுகள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2016ல் சொன்னதை வைத்து அமைந்த மத்திய அரசுக் குழு, 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் 20,000க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. வேலூரில் புதிதாகச் சேர்கிறவரிடம் யாரும் அந்தத் தொகையைப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு மே மாதம் கிடைத்தது 13,500. ஆனால் ஒன்றைக் கறாராகக் கேளுங்கள்: பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? கையில் ஆயிரம் குறைந்தாலும் பி.எஃப். பிடிக்கும் இடமே மேல். நாளைக்கு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் கொடுக்க இழுத்தடித்தாலும், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை வேலை செய்தீர்கள் என்பதற்கு பி.எஃப். பாஸ்புக் சாட்சி சொல்லும்.

அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் பதவி 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். 'டிரெய்னி', 'அசிஸ்டென்ட்' என்று போட்டால் பின்னால் அனுபவத்தில் தகராறு வரும்.

7. அரசு வேலையை ஓரமாக ஓட்டிக்கொண்டே இருங்கள்

தனியாரில் சேர்ந்ததும் இதை விட்டுவிடாதீர்கள். மூன்று வாசல் இருக்கிறது.

மாவட்ட நலவாழ்வு சங்கம்: ஒப்பந்த வேலை, எழுத்துத் தேர்வு பெரும்பாலும் இருக்காது. அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வரும், விண்ணப்பிக்க இரண்டு வாரம்கூட இருக்காது. 2019ல் மாவட்டம் பிரிந்த பிறகு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றுக்கும் தனித்தனித் தளம். ஞாயிற்றுக்கிழமை தோறும் மூன்றையும் திறந்து பாருங்கள்.

எம்.ஆர்.பி.: மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். தேர்வு எழுதித் தொகுப்பூதியத்தில் சேர வேண்டும். 2023ல் அது 14,000லிருந்து 18,000 ஆனது. தமிழ்த் தகுதித் தேர்வில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். பத்தாம் வகுப்புத் தரம்தான், ஆனாலும் வெளி மாநிலத்தில் படித்தவர்கள் ஒருமுறை பழைய புத்தகத்தைப் புரட்டுங்கள்.

நார்செட்: கட்டணம் பொதுப் பிரிவு, ஓ.பி.சி.க்கு 3,000, எஸ்.சி., எஸ்.டி., இ.டபிள்யூ.எஸ். பிரிவுக்கு 2,400, மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை. வயது வரம்பு 30, தளர்வு தனி. அடிப்படைச் சம்பளம் 44,900. கடினம்தான், ஆனால் படித்த சூடு ஆறுவதற்குள் எழுதுவது நல்லது. நான் இரண்டாவது வருடம்தான் எழுதினேன், பாதி மறந்துபோயிருந்தது.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மொபைலில் ஐந்து நிமிட வேலை.

வளைகுடா ஆசை இருந்தாலும் பெரும்பாலும் இரண்டு வருட அனுபவத்துக்குப் பிறகுதான். அப்போது தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்தில் விசாரியுங்கள். பதிவு பெற்ற தனியார் ஏஜென்ட்டே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்கிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு எப்படி மாறுகிறது என்று தெரியும்.

8. எனக்கு ஆன செலவு

கவுன்சில் கட்டணம் நீங்கலாக: ஜெராக்ஸ், போட்டோ, கூரியர் 900. சென்னைக்கு மூன்று நடை 1,200. டைட்டர் டெஸ்ட் 800. பி.எல்.எஸ். 3,500. வக்கீல் நோட்டீஸ் 1,500. யூனிஃபார்ம், ஷூ 2,600. மொத்தம் 10,500. இதில் பி.எல்.எஸ்.ஸும் வக்கீலும் உங்களுக்கு வேண்டாம், பாதி குறைந்துவிடும்.

இன்னொரு கணக்கை யாரும் சொல்லவில்லை. மே 2ம் தேதி சேர்ந்தேன், முதல் சம்பளம் ஜூன் 7ம் தேதி வந்தது. அதுவரை பஸ், சாப்பாடு, ஹாஸ்டல் அட்வான்ஸ் எல்லாம் வீட்டுக் காசு. அம்மா சீட்டுப் பணத்தில் கொடுத்தார். கையில் ஒன்றரை மாதச் செலவு இல்லாமல் ஊர் விட்டுச் சேராதீர்கள்.

9. சேர்ந்த பிறகு

எந்த வார்டில் எத்தனை நாள் போட்டார்கள் என்பதை ஒரு சின்ன நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். ஐ.சி.யு. ஆறு மாதம் என்று எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் தனியாகக் குறிப்பிடச் சொல்லிக் கேட்கும்போது, தேதி சொன்னால்தான் எழுதித் தருவார்கள். லெட்டரில் படுக்கை எண்ணிக்கையும் உங்கள் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். விலகும்போது நோட்டீஸ் மாதத்தை முழுசாகப் பார்த்துவிட்டு, ரிலீவிங் ஆர்டரைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். "அடுத்த வாரம் வந்து வாங்கிக்கோ" என்றால் ரிசப்ஷன் நாற்காலியிலேயே உட்கார்ந்து விடுங்கள். நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன், டைப் அடித்துக் கொடுத்தார்கள்.